கணினி முழங்காலும் அதன் பரீக்ஷையும்

(ஓசூரில் கூடிய நமது சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இம்மேடையில் வழக்கமாய்க் கல்வி நிதி, மாணவர் விடுதி, விவாகச் செலவைக் குறைத்தல் முதலிய விஷயங்களைப் பற்றியே பேச்சு நிகழும். இன்று நாம் ஒரு முழங்காலைப் பற்றிப் பேசும்படி நிர்வாக சபையார் பணித்திருக்கின்றனர். காரணம் உங்களில் பலர் அறிந்ததே. நமது சகாய நிதிக்குச் சென்ற மாதம் ஒரு மனு வந்தது. சூளகிரிக்கு அருகே நெடுஞ்சாலையில் லாரி மோதி இடக்காலைத் தொடையளவில் இழந்த நம்மவர் ஒருவர், கணினியால் இயங்கும் செயற்கை முழங்கால் வாங்கப் பொருளுதவி வேண்டியிருக்கின்றார். நிதியில் உள்ளது முழுதும் கொடுத்தாலும் அஃது அவர் ஒருவருக்கே போதும். அதே நிதியை எதிர்நோக்கி வேறு நால்வர் மனுச் செய்துள்ளனர். அவருள் இருவர் மாணவர், ஒருவர் கைம்பெண்.

சபையில் இரு கட்சி தோன்றிற்று. "நம் பிள்ளைக்கு நல்ல கால் வேண்டாவா? விலையைப் பார்ப்பதா?" என்றனர் ஒரு சாரார். "இத்தனை இலட்சத்தை ஒரு காலில் கொட்டுவது தருமமாகாது" என்றனர் மற்றொரு சாரார். இரு சாராரும் இரக்கமுள்ளவரே. ஆயினும் அம்முழங்கால் வேலை செய்கின்றதா, எவ்வளவு செய்கின்றது, யாருக்குச் செய்கின்றது என்பதை இரு கட்சியிலும் ஒருவரும் கேட்டிலர். நாம் வைத்தியர் அல்லோம். இவ்வூர்த் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டு சோதனைப் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றோம்; அவ்வளவே நமது யோக்கியதை. ஆகையால் அக்கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

பொற்கைப் பாண்டியன் கதையை நாமெல்லாம் பாட்டிமார் வாயிலாகக் கேட்டவர்களே. செய்த பிழைக்குத் தன் கையைத் தானே குறைத்துக்கொண்ட அரசன், பின்பு பொன்னாலான கை பெற்றான் என்பர். அவனது நீதியை உலகம் புகழ்ந்தது. ஆனால் அப்பொற்கை எழுத்தாணி பிடித்ததா, வாளை ஏந்திற்றா, சோறெடுத்து வாயில் வைத்ததா என்று எக்கதாசிரியரும் கேட்டதாகத் தெரியவில்லை. ரிக்வேதத்தில் விஷ்பலை என்பவளுக்கு அசுவினி தேவர் இரும்புக்கால் கொடுத்தனர் என்று வருகின்றது. அக்கால் மேட்டில் ஏறிற்றா என்பதும் அவ்வாறே விடப்பட்டது. கொடுத்தவர் பெருமை சொல்லப்படும். பெற்றவர் எப்படி நடந்தார் என்பது சொல்லப்படாது. இவ்வழக்கம் புராண காலத்தோடு ஒழிந்ததென்று நினைக்க வேண்டா. இக்காலத்தும் செயற்கை உறுப்பு வழங்கும் விழாக்களில் படம் எடுக்கப்படுகின்றது. ஆறு மாதம் கழித்து அவ்வுறுப்பு பரணில் கிடக்கின்றதா, காலில் இருக்கின்றதா என்று பார்ப்பவர் சிலரே.

இது நிற்க. முதலில் முழங்கால் செய்யும் வேலை யாதென்று காண்போம். நாம் நடக்கையில் ஒவ்வொரு காலும் ஏறக்குறைய நூற்றுக்கு 60 பங்கு நேரம் தரையில் ஊன்றியும், 40 பங்கு நேரம் காற்றில் வீசியும் இருக்கின்றது. ஊன்றும்போது முழங்கால் மடிந்துவிடாமல் உடலைத் தாங்க வேண்டும். வீசும்போது அதே முழங்கால் தாராளமாய் மடிந்து, கால்விரல் தரையைத் தட்டாதபடி முன்சென்று, குதிகால் ஊன்றுமுன் நீண்டுவிட வேண்டும். படியிறங்கும்போதோ முற்றிலும் மடியாமலும் முற்றிலும் விறைக்காமலும், பளுவைத் தாங்கிக்கொண்டே மெல்ல மெல்ல இளக வேண்டும். கிணற்றில் குடத்தை இறக்குகின்றவள் கயிற்றைக் கைக்குள் சிறிது சிறிதாக விடுவது போன்ற வேலை இது. நமக்கு இதனைத் தொடைத் தசைகள் நாம் நினையாமலே செய்துவிடுகின்றன. முழங்காலுக்கு மேல் காலிழந்தவருக்கு அத்தசைகளின் ஆட்சி அற்றுப்போகின்றது. முழங்காலுக்குக் கீழே இழந்தவருக்கும் மேலே இழந்தவருக்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளதென்பது இதனாலேதான்.

எளிய செயற்கை முழங்கால் ஒரு கதவுக்கீல் போன்றது. அதனை அணிந்தவர் ஒவ்வோரடியிலும் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, கீல் மடியாமல் தாமே காத்துக்கொள்ள வேண்டும். மனம் சற்றே வேறிடம் சென்றால் முழங்கால் மடிந்து விழ நேரும். இவ்வபாயத்தைக் குறைக்கவே நான்கு தண்டுகளைப் பிணைத்து, மடியும் மையம் ஓரிடத்தில் நில்லாமல் நகரும்படி செய்த பலமைய முழங்கால்கள் தோன்றின. கால் நீண்டிருக்கும்போது அம்மையம் உயரத்திலும் பின்புறத்திலும் அமைவதால் ஊன்றும் கால் எளிதில் மடியாது. வீசும்போது பாதமும் தரையினின்று சற்று அதிகமாக உயரும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அமெரிக்காவில் ஹான்ஸ் மௌக் என்னும் ஜெர்மானியப் பொறிஞர் எண்ணெய் நிரம்பிய உருளையை முழங்காலுள் வைத்து, ஊன்றலிலும் வீசலிலும் தடையளிக்கும் கருவியை ஆக்கினார். அதன் வழிவந்தவை இன்றும் வழக்கிலுள்ளன.

நம் நாட்டில் ஜெய்ப்பூர்ப் பாதம் 1968-ஆம் ஆண்டில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி. கே. சேத்தியும் கூடி உண்டாக்கியது. ஒருவர் மரமும் உலோகமும் வடித்துப் பழகிய கையினர். மற்றவர் எலும்பு வைத்தியர். 1975-இல் ஜெய்ப்பூரில் தோன்றிய பகவான் மகாவீர் விகலாங்க் சகாயதா சமிதி அதனை விலையின்றி வழங்கிவருகின்றது. அச்சமிதியோடு அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை மாணவர் கூடிச் சமைத்த பலமைய முழங்கால் 2009-இல் உலகப் புகழ் பெற்றது. அதன் அடக்க விலை அப்போது ஏறக்குறைய 20 டாலரே. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

கணினி முழங்கால் என்பது யாது? அது தானே காலை மடக்கி நீட்டும் யந்திரம் என்று பலர் எண்ணுகின்றனர். மனுவைப் படித்த நம் சபையாரும் அவ்வாறே எண்ணினர். அது தவறு. இவற்றிற் பெரும்பாலானவை காலைத் தள்ளுவதில்லை. தடுக்கும் அளவை மாற்றுவதே அவற்றின் வேலை. முழங்கால் எத்தனை பாகை மடிந்துள்ளது, கணைக்காலில் எவ்வளவு பளு விழுகின்றது என்பவற்றை உணரும் கருவிகள் உள்ளே உண்டு. அவை தரும் செய்தியை ஒரு நுண்கணினி கணந்தோறும் ஆராய்ந்து, எண்ணெய் செல்லும் துவாரத்தைக் குறுக்கும் அல்லது விரிக்கும். இங்கிலாந்திலே பிளாட்ச்போர்டு கம்பெனியார் 1990-களின் தொடக்கத்தில் விற்ற முழங்காலில் கணினி வீசும் காலை மட்டும் ஆண்டது. ஜெர்மனியின் ஓட்டோபாக் கம்பெனியார் 1997-இல் வெளியிட்ட சி-லெக் ஊன்றலையும் வீசலையும் சேர்த்து ஆண்டது. விநாடிக்கு 50 முறை அளவெடுத்தது. அதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. அம்முழங்கால் எப்பொழுதும் தாங்கும் நிலையிலேயே நிற்கும். கால் முன்பாதத்திற்குப் பளு மாறி, வீசத் தயாரானது என்ற அறிகுறிகளெல்லாம் கூடினாலன்றி இளகாது. ஆதலின் கல் தட்டினாலும் அது முதலிற் செய்வது தாங்குதலே.

எண்ணெய்க்குப் பதிலாகக் காந்தத் திரவம் இடும் முறையும் உண்டு. நுண்ணிய இரும்புத் துகள் கலந்த எண்ணெயில் காந்த சக்தி பாயும்போது அது கணத்தில் கெட்டிப்படும். நீங்கினால் மீண்டும் நீராய் ஓடும். இதனை 1948-இல் அமெரிக்காவில் ஜேக்கப் ராபினோ என்பவர் கண்டறிந்தார். நம் இஸ்ரோ நிறுவனத்தார் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் அமைத்து, 2022 செப்டம்பரில் அறிவித்த முழங்காலோ எண்ணெய்த் தடை வகையதே. ராக்கெட்டு செய்யும் கைகள் முழங்கால் செய்ய வந்தது நமக்குப் பெருமைதான். அதன் நிறை ஏறக்குறைய 1.6 கிலோகிராம். கொல்கத்தாவிலும் டில்லியிலும் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிலையங்களும், கான்பூரிலுள்ள அலிம்கோ நிறுவனமும் அம்முயற்சியில் கூடின. பிறநாட்டு முழங்கால்கள் அப்போது 10 இலட்சம் முதல் 60 இலட்சம் ரூபாய் வரை விலையாயின. இது 4 அல்லது 5 இலட்சத்துக்குள் அடங்கும் என்று அன்று எதிர்பார்க்கப்பட்டது. முழங்காலுக்கு மேல் இழந்த ஒருவர் அதனை அணிந்து, சிறிதே கைத்துணையோடு, ஒரு நடைக்கூடத்தில் 100 மீட்டர் அளவு நடந்தார் என்றும் அறிவிக்கப்பட்டது.

இவ்விடத்தில்தான் சோதனைப் பிரிவுக்காரனுடைய காது நிமிர்கின்றது. நடைக்கூடம் சமதரை. ஒருவர் என்பது ஓர் எண். 100 மீட்டர் என்பது நமது சங்க மண்டபத்திலிருந்து தேர்ப்பேட்டை வரைகூட ஆகாது. இது குறை கூறுவதன்று. எல்லாப் பண்டமும் இப்படியே தொடங்கும். தொடக்கத்தை முடிவென்று கொள்வதே பிழை.

ஓசூர்க்காரருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. லாரியும் மோட்டார் சைக்கிளும் கடிகாரமும் பிறக்கும் ஊர் நமது. இங்கே லேத்தில் நிற்கும் பதினெட்டு வயதுப் பையனுக்கும் கோ கேஜ், நோகோ கேஜ் தெரியும். யந்திரத்தை முதலில் பெஞ்சில் ஏற்றி ஓட்டுகின்றோம். பிறகு ரோட்டில் ஓட்டுகின்றோம். பெஞ்சில் தேறியது ரோட்டில் தவறுவதை எத்தனை முறை கண்டிருக்கின்றோம்! செயற்கை முழங்காலுக்கும் இவ்விரு பரீக்ஷையும் உண்டு.

பெஞ்சுப் பரீக்ஷை ஐ.எஸ்.ஓ. 10328 என்னும் சர்வதேச விதிப்படி நடப்பது. முழங்காலை யந்திரத்தில் பிணித்து, மனிதன் அடிவைப்பது போன்ற பளுவை 30 இலட்சம் முறை ஏற்றி இறக்குவர். நாளொன்றுக்கு அக்காலால் 2,500 அடி வைப்பவனுக்கு அது 1,200 நாட் கணக்கு. பின்பு அதன்மேல் பெரும்பளு ஒன்றை ஏற்றி, முறிகின்றதா என்று பார்ப்பர். இதில் தேறாத முழங்காலை நாம் தொடவே கூடாது. தேறியதாலோ, அது முறியாது என்பது மட்டும் விளங்கும்; அணிந்தவர் விழமாட்டார் என்பது விளங்காது.

ரோட்டுப் பரீக்ஷை மனிதரை வைத்துச் செய்வது, ஆதலின் கடினமானது. மருந்தைச் சோதிப்பவர் ஒருவருக்கு மருந்தும் மற்றவருக்கு வெறும் மாவும் கொடுத்து, இன்னது இன்னாருக்கு என்பதை மறைத்துவிடுவர். முழங்காலை அப்படி மறைக்க இயலுமோ? புதியதும் விலையுயர்ந்ததுமான ஒன்றை அணிந்தவர் உற்சாகத்தாலேயே சில நாள் நன்றாக நடப்பார். அன்றியும், பழைய காலோடு பத்தாண்டு பழகியவர் புதிய காலை முதல் வாரத்தில் நம்பமாட்டார். அது தாங்கக் காத்திருக்கையிலும் அவர் இடுப்பு பழைய வழக்கப்படியே தள்ளிக்கொண்டிருக்கும். உற்சாகம் ஒருபுறம் இழுக்கும். பழக்கம் மறுபுறம் இழுக்கும். இவ்விரண்டையும் களைந்து உண்மையை எடுக்க வேண்டும்.

அதற்கு அறிஞர் கண்ட வழி, ஒருவரையே அவருக்கு எதிராக நிறுத்துதல். முதலிற் பழைய முழங்காலோடு அளப்பர். பின்பு புதியதைக் கொடுத்து, மாதக்கணக்கில் பழகவிட்டு அளப்பர். மீண்டும் பழையதைப் பூட்டி அளப்பர். புதியதில் ஏறிய அளவு பழையதற்குத் திரும்பியதும் இறங்குமானால், அவ்வேற்றம் முழங்காலால் வந்தது என்று துணியலாம். அளக்கும் முறைகள் வியக்கத்தக்க எளிமையுடையன. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர எத்தனை விநாடி? 6 நிமிஷத்தில் எத்தனை மீட்டர்? படியிறங்குகையில் ஒவ்வொரு படியிலும் இரு காலையும் சேர்க்கின்றாரா, அன்றி நம்மைப்போல் மாறிமாறி வைக்கின்றாரா? கைப்பிடியைப் பற்றுகின்றாரா? நடந்துகொண்டே மனக்கணக்குப் போடச் சொன்னால் நடை தளர்கின்றதா? இந்தக் கடைசிச் சோதனை நமக்கு மிகப் பிடித்தது. கால் நன்றாயிருந்தால் அல்லவா மனம் வேறு கணக்கைப் பார்க்கும்!

இனி விளைவுகள். அமெரிக்காவிலே சியாட்டில் நகரத்தில் ஹாஃப்னர் முதலியோர் நடத்தி 2007-இல் வெளியிட்ட பரீக்ஷையில் 21 பேர் சேர்ந்து 17 பேர் முடித்தனர். படியிறங்குதலிலும் சரிவிறங்குதலிலும் கணினி முழங்கால் தெளிவாக மேம்பட்டது. தடுமாற்றமும் விழுதலும் குறைந்தன. சமதரையில் நடப்பதிலோ சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. 2008-இல் புளோரிடாவிலிருந்து வந்த மற்றொரு ஆராய்ச்சியில் 19 பேர், பழைய முழங்காலோடு முதலிலும், சி-லெக் அணிந்து 90 நாள் பழகிய பின்னரும் அளக்கப்பட்டனர். தடுமாறுதல் நூற்றுக்கு 59 பங்கும், விழுதல் 64 பங்கும் குறைந்தன. கரடான தரையில் வேகம் கூடிற்று. எது வேண்டும் என்று கேட்டபோது 14 பேர் புதியதைக் கேட்டனர். மற்ற ஐவரைப் பற்றி விற்பனைக்காரர் பேசுவதில்லை. நமக்கோ அவ்வைவர் மீதே கண். புதுமையும் விலையும் கண்டு மயங்காதவர் அவர்.

களைப்பு குறையுமா என்பது நம்மவர் மனுவிலும் உள்ள கேள்வி. முழங்காலுக்கு மேல் காலிழந்தவர் நடக்கையில், நம்மைவிட மிக அதிகமாக மூச்சும் சக்தியும் செலவாகின்றன. 2006-இல் வெளிவந்த ஒரு பரீக்ஷையில் 8 பேர் மௌக் எண்ணெய் முழங்காலோடும் சி-லெக்கோடும் நடக்கச் செய்து, அவர் உட்கொண்ட பிராணவாயுவை அளந்தனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே, "இதை அணிந்தால் களைப்பே இராது" என்று கூறுவோரை நம்ப வேண்டா.

ஆட்களின் தொகையை நோக்குங்கள்: 17, 19, 8. எங்கள் பிரிவில் திருகாணியைச் சோதிக்கவும் இதனினும் அதிகம் எடுப்போம். முழங்கால் செய்யும் கம்பெனிகளைச் சேர்ந்தவரே எழுதிய ஆராய்ச்சிகளும் உண்டு. மாம்பழத்தின் இனிப்பைத் தோப்புக்காரனிடமே கேட்பது போன்றது அது. ஆயினும் கம்பெனிச் சார்பில்லாதார் கண்டதும் கம்பெனியார் கண்டதும் ஒரு விஷயத்தில் ஒத்திருக்கின்றன: விழுதல் குறைகின்றது. இதனை நாம் ஒப்புக்கொள்கின்றோம். விழுதலை அற்பமாக எண்ண வேண்டா. ஒருகால் உள்ளவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அவர் நடை அன்றோடு முடியலாம். விழுவோமோ என்ற அச்சமே பலரை வீட்டுக்குள் இருத்திவிடுகின்றது. நம்மவரும் மழைநாளில் வெளியே வருவதில்லை.

இங்கே வழக்கத்துக்கு மாறான ஒரு செய்தியும் சொல்ல வேண்டும். இளமையும் வேகமும் உள்ளவருக்கே கணினி முழங்கால் தகும் என்று வைத்தியர் பல காலம் வைத்திருந்தனர். பிற்காலத்து ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவரோ, மெல்ல நடக்கும் முதியோருக்கும் விழுதல் குறைகின்றது என்று கூறுகின்றனர். நீரிழிவால் காலிழந்து தேன்கனிக்கோட்டைப் பக்கம் மகன் வீட்டில் இருக்கும் நமது அத்தையார் ஒருவரை நினைத்துக்கொண்டே இதனைப் படித்தோம். அவர் பெயர் எந்த மனுவிலும் இல்லை. வயது எழுபது ஆனவருக்குக் கால் எதற்கு என்று அவர் வீட்டாரும் எண்ணினர். உண்மையைச் சொன்னால் நாமும் எண்ணினோம்.

இனி, சியாட்டிலும் புளோரிடாவும் கேளாத கேள்விகள் சில உள. அந்நாட்டார் தரையில் அமர்வதில்லை. நம்மவர் பந்தியில் சம்மணமிட வேண்டும், குந்தியமர வேண்டும், கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும். செருப்பின் உயரத்துக்குச் சரிசெய்த செயற்கைக்கால், செருப்பைக் கழற்றியதும் நிலை மாறுகின்றது. பாகலூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டத்தில் ஈரமண் ஒட்டும். கருங்கல் அறுக்கும் பட்டறையில் வெண்புழுதி பறக்கும். தளியிலும் அஞ்செட்டியிலும் மேடுபள்ளமே வழி. கணினி முழங்காலுக்கு மின்சாரம் ஏற்ற வேண்டும். ஒருமுறை ஏற்றினால் ஏறக்குறைய இரண்டு நாள் வரும் வகைகள் உண்டு. மின்சாரம் தீர்ந்தால் கால் கழன்று விழாது. விறைத்துத் தாங்கும் நிலைக்குச் செல்லும். அவ்விறைத்த காலோடு பஸ் ஏறுவது எப்படி என்பதை நம்மவர் அன்றோ அறிய வேண்டும்?

இக்கேள்விகளில் சிலவற்றைக் கணினியில்லாத முழங்காலொன்று நமக்கு அருகிலேயே எடுத்துக்கொண்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா ஸ்ரீநிவாசன் தலைமையிலுள்ள ஆராய்ச்சி மையத்தார், பெங்களூரிலுள்ள மொபிலிட்டி இந்தியா நிறுவனத்தோடும் எஸ்.பி.எம்.டி. சங்கத்தோடும் கூடி 2022-இல் 'கதம்' என்னும் பலமைய முழங்காலை வெளியிட்டனர். கதம் என்பது இந்தியில் காலடி. அஃது 160 பாகை வரை மடங்கும். ஆகையால் தரையில் அமரவும் பஸ் இருக்கையில் காலை மடக்கவும் உதவும். மின்சாரம் வேண்டா. ஆனால் படியிறங்கும்போது தானே அளந்து இளகும் அறிவு அதற்கு இல்லை. ஒன்றில் அமர்தல் எளிது. மற்றொன்றில் இறங்குதல் எளிது. நம்மவருக்கு இரண்டில் எது பெரிது என்பதை விலைப்பட்டியல் சொல்லாது.

நாம் சென்ற ஞாயிறு அவர் வீட்டுக்குச் சென்றோம். விற்பனைக்காரர் தந்த வர்ண அச்சுப்பிரதியைக் காட்டினார். "தம்பி, இந்தக் கால் வந்தால் முதலில் என்ன செய்வாய்?" என்று கேட்டோம். ஓடுவேன், வண்டி ஓட்டுவேன் என்பார் என எதிர்பார்த்தோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "பெரியப்பா, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சந்திரசூடேசுவரர் மலைப்படியில் இறங்க வேண்டும். ஏறிவிடுவேன். இறங்கத்தான் பயம். போன தேருக்கு அவள் அம்மாதான் தூக்கி வந்தாள்" என்றார். பிள்ளைக்கு மூன்று வயது. பத்து ஆராய்ச்சிக் கட்டுரை படித்து நாம் அறிந்ததை அவர் ஒரு வாக்கியத்தில் கேட்டுவிட்டார். படியிறங்குதல், கையில் சுமை, கைப்பிடி பற்ற ஒரு கையே மீதம், மனமோ பிள்ளைமேல்: இவை நான்கும் கூடிய பரீக்ஷையை எந்தச் சோதனைச்சாலையும் இதனினும் நன்றாய் வகுத்திராது.

பின்பு அவர் தொடையைப் பொருத்தும் சாக்கெட்டைக் காட்டச் சொன்னோம். அது தளர்ந்திருந்தது. மூன்றாண்டில் தொடை மெலிந்துவிட்டது. உள்ளே பழைய காலுறை மூன்றை அடுக்கியிருக்கின்றார். இரண்டிடத்தில் புண் ஆறிய வடு. இதனைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சாக்கெட்டு பொருந்தாவிட்டால், மேலே தொடை கிண்ணத்துக்குள் ஆடும்போது கீழே கணினி எவ்வளவு கணக்கிட்டும் பயனில்லை. சக்கரம் ஆடும் வண்டிக்குப் புது என்ஜின் வைப்பது போலாகும். இவர் தடுமாறுவதற்கு முழங்கால் எவ்வளவு காரணம், சாக்கெட்டு எவ்வளவு காரணம் என்பதை ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. மனுவுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய காரியம் அது. அதன் செலவோ முழங்கால் விலையில் மிகச் சிறு பங்கு.

ஆகவே நிர்வாக சபையாருக்கு நமது விண்ணப்பம் இது. மனுவைத் தள்ளவும் வேண்டா. இன்றே பணம் கொடுக்கவும் வேண்டா. முதற்கண் புதிய சாக்கெட்டுக்கு உடனே தொகை அளிக்க வேண்டும். பெங்களூர் நாற்பது கிலோமீட்டரே. வேலூர்க் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியிலும் பயிற்சியளிக்கும் பெரிய பிரிவுண்டு. எங்கே செல்வதென்பதை அவரே தெரிந்துகொள்ளட்டும். அவர் வேலை செய்யும் இடத்தில் ஈ.எஸ்.ஐ. உண்டா என்பதையும், அரசாங்கத்தார் மாற்றுத்திறனாளிகளுக்கு விலையின்றி வழங்கும் செயற்கைக்கால் அவருக்குக் கிடைக்குமா என்பதையும் நமது காரியதரிசி மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். நிதியைத் தொடுமுன் உரிமையைக் கேட்பதில் வெட்கமில்லை.

சாக்கெட்டு பொருந்தியபின், பழைய முழங்காலோடே ஒரு மாதம் குறிப்பு எழுதச் சொல்வோம். எத்தனை முறை தடுமாறினார், எத்தனை முறை விழுந்தார், எங்கே, என்ன சுமந்திருந்தார் என்பது மட்டும் போதும். அவர் மனைவியாரும் தனியே எழுதட்டும். ஆண்மக்கள் விழுந்ததை மறைப்பர். அடுத்து, சில வாரமேனும் தற்காலிகமாய் அணிந்து பார்க்க இசையும் விற்பனையாளரிடம் மட்டுமே பேச்சு வைத்துக்கொள்வோம். அதற்குக் கட்டணம் கேட்டால் நிதியிலிருந்து கொடுப்போம். முழு விலையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதைவிட அது மலிவு. அவ்வாரங்களிலும் குறிப்பு எழுதி, பின்னர்ப் பழையதற்குத் திரும்பி மீண்டும் எழுதுவார். கதம் முழங்காலையும் அவ்வாறே அணிந்து பார்க்க வழியுண்டா என்று கேட்போம். பழுதுபார்க்கும் இடம் எங்கே, பழுதான நாட்களில் மாற்றுக்கால் தருவரா என்பவற்றை எழுத்தில் வாங்குவோம்.

குறிப்புகளைச் சபையில் படித்த பிறகு, விழுதல் பாதியாகக் குறைந்திருக்குமேல், நாமே முதலில் எழுந்து, முழுத் தொகையும் கொடுக்க வேண்டும் என்போம். மற்ற நால்வருக்காக வீடுவீடாகச் சென்று வசூலிக்கவும் கடமைப்பட்டிருக்கின்றோம். குறையவில்லையாயின் அவரிடம் அதனை மறையாமற் சொல்வோம். அவருக்கே அது நம்மைவிட முன்பு தெரிந்திருக்கும். தேன்கனிக்கோட்டை அத்தையாரை வைத்தியரிடம் காட்டும் செலவை நாம் ஏற்றுக்கொண்டுள்ளோம். அது சபையின் கணக்கில் வர வேண்டுவதில்லை.

மலைப்படிப் பரீக்ஷைக்கு நாள் குறிக்க வேண்டும். வெயிலுக்கு முன் காலை ஆறரை மணி நலம். முதன்முறை கையில் பிள்ளை வேண்டா. பிள்ளையின் நிறைக்கு அரிசி மூட்டை ஒன்று கட்டிக்கொள்ளலாம். இரு பக்கமும் இருவர் இறங்க வேண்டும். ஒருவர் கடிகாரம் பார்க்க வேண்டும். ஒருவராக நாம் வருகின்றோம். மற்ற இருவர் யாரென்று, கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.